எல்லைப் பேச்சும் டாக்டர் பட்டமும்

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு போகும் பஸ் கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டியதும் மாநிலம் மாறிவிடுகிறது. பேச்சு மாறுவதில்லை. கேரளத்தின் சித்தூர் தாலுகாவில் இருக்கும் இந்த ஊரில் வீட்டுக்குத் தமிழ், அரசு அலுவலகத்துக்கு மலையாளம். இரு மொழிகள் தினமும் உரசிக்கொள்ளும் இடம் மொழியியல் மாணவருக்குப் புதையல்தான். ஆனால் அந்தப் புதையலை டாக்டர் பட்டமாக மாற்றும் பாதை நீளமானது.

முதல் படி தகுதி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். நான்காண்டு இளங்கலை முடித்தவருக்கு 75 சதவீதம். ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதம் சலுகை உண்டு.

அடுத்தது நெட் தேர்வு. 2024 முதல் இந்த மதிப்பெண்ணே பி.எச்டி. சேர்க்கைக்கும் பயன்படுகிறது. ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை கிடைக்காதவர்களுக்கு நெட் மதிப்பெண் 70 சதவீதம், நேர்முகம் 30 சதவீதம் எனக் கணக்கிடுகிறார்கள். தனியே நுழைவுத் தேர்வு நடத்தும் பல்கலைக்கழகங்களும் உண்டு.

எல்லைக்கோடு குறுக்கிடுவது இங்கேதான். கோவிந்தாபுரத்து மாணவருக்குக் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறை பக்கம். அதே மாநிலத்தில் இருக்கும் திருவனந்தபுரமோ வெகுதூரம். ஆனால் கேரளத்தில் வாங்கிய சாதிச் சான்றிதழ் தமிழக அரசுப் பல்கலைக்கழக இடஒதுக்கீட்டில் பொதுவாகச் செல்லாது. ஹைதராபாத் போன்ற இடங்களில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகங்களில் இந்தச் சிக்கல் குறைவு. விண்ணப்பிக்கும் முன்பே இதை விசாரித்துக்கொள்ளாதவர்கள் ஒரு வருடத்தை இழக்க நேரிடும்.

இடம் கிடைத்த பிறகு ஆய்வு முறைகளையும் ஆய்வு நெறிகளையும் கற்பிக்கும் பாடங்களில் தேற வேண்டும். பிறகு களப்பணி. பேசுபவரின் சம்மதம் பெற்று ஒலிப்பதிவு செய்து, அதைச் சர்வதேச ஒலிக்குறியில் எழுதி, இலக்கணத்தை அலச வேண்டும். ஒரு மணி நேரப் பதிவை எழுதி முடிக்கப் பல நாட்கள் ஆகும். செமஸ்டர் தோறும் ஆலோசனைக் குழுவின் முன் முன்னேற்றத்தைச் சொல்லியாக வேண்டும். கடைசியில் திருட்டு எழுத்துச் சோதனை, வெளித் தேர்வாளர்களின் மதிப்பீடு, வாய்மொழித் தேர்வு.

குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. அதற்குமேல் 2 ஆண்டு நீட்டிப்பு கேட்கலாம். பெண்களுக்கு இன்னும் 2 ஆண்டு சலுகையும், 240 நாள் வரை பேறுகால விடுப்பும் உண்டு. ஆனால் ஜே.ஆர்.எஃப். பணம் 5 ஆண்டோடு நின்றுவிடும். 2023-ல் உயர்த்தப்பட்ட இத்தொகை முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டிலிருந்து உதவி வராத மாணவர் களப்பணியை முதல் ஆண்டிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

எல்லையில் பிறந்தவர்கள் இத்துறையில் சாதித்ததற்கு முன்னுதாரணம் உண்டு. அன்றைய திருவிதாங்கூரில் இருந்த நாகர்கோவில் பகுதியில் பிறந்த வ.அய்.சுப்பிரமணியம், 1957-ல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். கேரளப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறையை வளர்த்தார். 1981-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரும் ஆனார்.

கோவிந்தாபுரத்து மாணவருக்கு ஒரு வசதி உண்டு. வெளியூர் ஆய்வாளர் பல மாதம் பழகிப் பிடிக்க வேண்டிய பேச்சு அவருக்குத் தாய்ப்பாலோடு வந்தது. மற்றதெல்லாம் விதிகளும் தேதிகளும்தான். அவற்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியும்.