ஆற்றங்கரைப் பாசறை

ஊரை விட்டு நீங்கி, ஆற்றங்கரையில் ஓரிரு நாள் கூடாரமடித்துத் தங்கி வருவது மேனாட்டார் பழக்கம் என்று பலர் கருதுகின்றனர். நம் மக்களுக்கு அது புதிதன்று. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடி எடுத்து வரும் அடியார்கள் வழியில் மரத்தடிகளில் தங்கி, கல் கூட்டிச் சமைத்து உண்டு, திறந்த வானத்தின் கீழ் உறங்குவது நெடுநாள் வழக்கம். நிலத்தைக் கண்டு அறிவதற்காகவே தங்குவதுதான் நமக்குச் சற்றுப் புதியது. அவ்வாறு தங்குவோர் விரும்பித் தேடும் காட்சிகளுள் ஒன்று, ஆறும் மழையும் அரித்துச் செதுக்கிய பள்ளநிலமாகும்.

இந்நிலம் எங்ஙனம் உண்டாகிறது? இறுகாத களிமண்ணும் வண்டலும் படிந்த இடத்தில் புல்லும் மரமும் குறைந்திருந்தால், பெய்யும் மழை மண்ணுள் இறங்காமல் மேலோடி விரைகிறது. முதலில் விரல் அகலக் கீறல், பின்பு கால்வாய், அதன்பின் ஆள் மறையும் பள்ளம். பள்ளங்களுக்கிடையே மண்மேடுகளும் மதில் போன்ற முகடுகளும் எஞ்சி நிற்கின்றன. வட இந்தியாவில் சம்பல் ஆற்றின் இரு மருங்கிலும் இத்தகைய பள்ளங்கள் பரந்து கிடக்கின்றன. அமெரிக்காவிலோ இவற்றுக்குக் 'கெட்ட நிலம்' என்றே பெயர். உழவுக்கும் வழிப்பயணத்துக்கும் ஆகாத அந்த நிலத்தின் ஒரு பகுதியை, வட டகோட்டாவில் லிட்டில் மிசௌரி ஆற்றங்கரையில், 1947ஆம் ஆண்டில் தியோடர் ரூசவெல்ட் நினைவுப் பூங்காவாக்கினர். இன்று அங்கே ஆற்றோரத் தோப்பில் கூடாரமடித்து, மாலை வெயிலில் மண்மேடுகள் நிறம் மாறுவதைக் காண மக்கள் வருகின்றனர்.

அவ்வளவு தொலைவு போவானேன்? திருத்தணி வட்டாரத்து நீரெல்லாம் சென்று சேரும் கொசஸ்தலை ஆற்றின் அருகிலேயே, சென்னைக்கு வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டரில், அதிரம்பாக்கம் என்னும் சிற்றூர் இருக்கிறது. அதன் புறத்தே மழை அரித்த ஓடைகளும் பள்ளங்களும் உள்ளன. பரப்பில் சம்பலுக்கு ஈடாகா. பெருமையில் எந்த நாட்டுப் பள்ளநிலத்துக்கும் இளைத்தவை அல்ல. 1863ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், இந்திய நிலப்பொதியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், வில்லியம் கிங் என்னும் இருவர் இங்கே பழங்கற்காலக் கருவிகளைக் கண்டனர். பல ஆண்டுகளுக்குப் பின், 1999இல் சாந்தி பப்பு அம்மையாரின் குழுவினர் இங்கு அகழாய்வைத் தொடங்கினர். அடிப் படிவுகளில் கிடைத்த கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011ஆம் ஆண்டில் அறிவித்தனர். மேற்படிவுகளில் இருந்த வேறு வகைக் கருவிகள் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியவை என்று 2018இல் தெரிவித்தனர்.

எனவே, இவ்வாற்றங்கரையில் தங்கியவருள் நாம் முதல்வர் அல்லர். அவ்விடத்துக் களிமண்ணில் பெருங்கற்கள் இயல்பாகக் கிடைப்பதில்லை. ஆதலால் அக்காலத்தவர் கருவிக்கு வேண்டிய கல்லை வேறிடத்திலிருந்து சுமந்து வந்திருக்க வேண்டும் என்பது அறிஞர் கருத்து. நீர் இருக்குமிடம் அறிந்து, வேண்டியதைத் தூக்கி வந்து, தங்கி, மீண்டும் பெயர்ந்து செல்வது: பாசறை வாழ்க்கையின் இலக்கணம் அன்றே வகுக்கப்பட்டுவிட்டது.

இனி, முக்கியமான செய்தி ஒன்று. ஒரு கல்லின் வயதை அறிஞர் எப்படி அறிந்தனர்? கல் புதையுண்ட படிவு எந்தக் காந்தத் திசையைக் காட்டுகிறது என்று பார்த்தனர். பூமியின் காந்தத் திசை முற்காலத்தில் இன்றைக்கு நேர்மாறாக இருந்ததுண்டு. மேலும், நிலத்தின்மீது கிடந்தபோது விண்கதிர்களால் கல்லில் உண்டான சிலவகை அணுக்கள், புதையுண்ட பிறகு எவ்வளவு சிதைந்திருக்கின்றன என்றும் அளந்தனர். இவ்விரண்டுக்கும் கல் தனக்குரிய மண்ணடுக்கில் இருத்தல் வேண்டும். அதனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால், அது வெறும் கல். ஏட்டிலிருந்து கிழித்தெடுத்த எழுத்து. ஏடும் பாழ், எழுத்துக்கும் பொருளில்லை. மழை மண்ணை அரிக்குந்தோறும் கருவிகள் வெளிப்படுகின்றன; வெளிப்படும் பொழுதெல்லாம் கை நீட்டுவோர் இருந்தால் வருங்காலத்தார்க்கு எஞ்சுவது ஒன்றுமிராது. ஆகவே, தொல்லிடத்தைப் பகலில் பார்த்து வணங்கி மீள்க. கூடாரத்தை வேறிடத்தில் அமைத்துக்கொள்க. அடுப்புக்குக் கல் பொறுக்குவதும் தவறாகலாம். மூன்று செங்கற்களை உடன் கொண்டு செல்வது நன்று.

கூடாரத்துக்கு இடம் தேர்வதில் மற்றோர் எச்சரிக்கை உண்டு. வறண்ட மணற்படுகை மெத்தென்றிருக்கும். அதுவே பெரும் பொறி. சித்தூர் மாவட்டத்துக் கிருஷ்ணாபுரம் அணையில் நீர் திறந்தால், நம் வானம் தெளிந்திருந்தாலும் பள்ளிப்பட்டுப் பக்கம் ஆறு பெருகும். 2021 நவம்பரில் அவ்வாறு வெள்ளம் வந்ததைப் பலர் அறிவர். எங்கோ பெய்த மழை இங்கே வந்து சேரும் என்பதே ஆற்றின் இயல்பு. ஆகையால், வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஆற்றோரத் தங்கலே வேண்டாம். தை, மாசி மாதங்கள் ஏற்றவை. அப்போதும் புதர்களில் சிக்கியுள்ள சருகையும் வைக்கோலையும் பாருங்கள்; பழைய வெள்ளம் எட்டிய உயரத்தை அவை காட்டும். அதற்கு மேலுள்ள திட்டில் கூடாரம் அடியுங்கள். பள்ளத்தின் அடியும் ஆகாது, விளிம்பும் ஆகாது: அடியில் நீர் புகும், விளிம்பு உள்ளே குடைபட்டுத் திடீரெனச் சரியும்.

மணலில் ஊற்றுத் தோண்டி எடுத்த நீரையும் கொதிக்க வைத்தே பருகுதல் வேண்டும். இரவில் விளக்கின்றி நடத்தல் கூடாது. காலையில் செருப்பையும் படுக்கையையும் உதறிப் பார்த்தல் நலம். காப்புக்காடாயின் வனத்துறையின் அனுமதி பெறாமல் நுழையலாகாது. புறப்படுமுன் அடுப்பை நீர்விட்டு அணைத்து, குப்பையைக் கட்டி ஊருக்குக் கொண்டு செல்க.

மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் முதலில் பூண்டிக்குச் செல்லலாம். 1944இல் கட்டி முடிக்கப்பட்ட நீர்த்தேக்கம் அங்கே இருக்கிறது. அதனருகே 1985இல் அமைந்த தொல்பழங்கால அருங்காட்சியகத்தில் கற்கருவிகளைக் கண்ணாரக் கண்டபின் பள்ளநிலத்தைக் கண்டால், சிறுவர் அதனைப் பாழ்நிலம் என்று சொல்லமாட்டார்கள். கல்லைத் தொடாமல் கண்டு மகிழும் பயிற்சியும் அவர்களுக்கு வாய்க்கும். பதினைந்து லட்சம் ஆண்டுகள் மண் காத்து வைத்த பொருளை நாமும் காத்துக் கொடுப்போமாயின், ஆற்றங்கரையில் தங்குவதற்கு நாமும் தகுதியுடையவரே.