போடாத பூட்டு எப்படி விழுந்தது?

மத்தூரில் ஒரு வீட்டு லேப்டாப்பில் பயாஸ் அப்டேட் முடிகிறது. மறுபடி ஆன் செய்தால் நீலத்திரை: 48 இலக்க மீட்பு எண் வேண்டுமாம். அப்படியொரு பூட்டை வீட்டில் யாரும் போடவே இல்லையே!

போட்டது விண்டோஸ். பல புதிய கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்ததுமே அதன் பிட்லாக்கர் வசதி வட்டை மறையாக்கிப் பூட்டிவிடும். சாவி கணினிக்குள் இருக்கும் டிபிஎம் என்ற சில்லின் காவலில். கணினி எழும்போதெல்லாம் தொடக்க நிரல்களின் கைரேகை அதில் பதியும். பழையதோடு பொருந்தினால்தான் சாவி வெளியே வரும். வந்தது திருடனா அப்டேட்டா என்று சில்லுக்குத் தெரியாது. மாறியிருந்தால் மறுப்பு, அவ்வளவுதான். அப்போதுதான் மீட்பு எண் கேட்கப்படும்.

அந்த எண் ஆறாறு இலக்கமாக எட்டுத் தொகுதி. ஒவ்வொன்றும் 11-ஆல் மீதியின்றி வகுபடும். 110022 செல்லும், கடைசி 2-ஐ 3 என்று அடித்தால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். மொத்தம் 128 பிட், ஊகிக்க முடியாத அளவு. ஊகித்துத் திறந்து தருகிறேன் என்பவரை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

எண் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே கிடக்கும். செல்போனில் நுழைந்து பார்க்கலாம். சிக்கல், வாங்கிய அன்று கடைப் பையன் எந்த மின்னஞ்சலில் கணக்கைத் தொடங்கினான் என்பதில்தான்.