அட, வைக்கோல்தானே!

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனதும், அப்பாவுக்கு ஒத்தாசையா வைக்கோல் லோடு ஏத்தப் போற ஆளா நீங்க? 'அட, வைக்கோல்தானே... இதுல என்ன இருக்கு?'ன்னு நினைச்சா, மைக் எட்வர்ட்ஸ் கதையைக் கேட்டுட்டுப் போங்க.

1970-களில் 'எலெக்ட்ரிக் லைட் ஆர்கெஸ்ட்ரா' என்ற பிரபல பிரிட்டிஷ் ராக் குழுவில் செல்லோ வாசித்தவர் மைக். 2010 செப்டம்பரில், இங்கிலாந்தின் டெவன் பகுதியில் வேன் ஓட்டிப் போய்க்கொண்டிருந்தார். பக்கத்துச் சரிவிலிருந்து உருண்டு வந்த ஒரு புல்லுக்கட்டு, வேலியைத் தாண்டி வேன் மேல் விழுந்தது. அங்கேயே இறந்துபோனார். கட்டின் எடை சுமார் 600 கிலோ. கிட்டத்தட்ட ஒரு மாருதி 800 கார்!

நம்ம டெல்டா வயல்களில் மெஷின் சுருட்டிப் போடுற உருளைகள் சின்னதுதான். ஒண்ணு 15, 20 கிலோ இருக்கும். ஆனா, பத்தடி உயர லோடு மேலிருந்து கழுத்துல விழுந்தா 20 கிலோ போதாதா? அதையே ஒரு நாளில் 200 தடவை தூக்கினா, உங்க முதுகு சுமந்தது 4 டன்!

தூக்கும்போது: இடுப்பை வளைக்காதீங்க, முட்டியை மடக்கி உட்கார்ந்து, கட்டை உடம்போடு அணைச்சு எழுந்திருங்க. தூக்கின பிறகு இடுப்பை மட்டும் திருப்பாம, காலை நகர்த்தித் திரும்புங்க. நனைஞ்ச கட்டுன்னா ரெண்டு பேர் சேர்ந்து தூக்குங்க. கையுறை, ஷூ கட்டாயம். கட்டுக்கு அடியில் பாம்பு படுத்திருக்கலாம். முதலில் குச்சியால் புரட்டிப் பாருங்க.

இறக்கும்போது: கயிற்றை அவிழ்க்கிற நொடிதான் ஆபத்து. வழியெல்லாம் குலுங்கி வந்த கட்டுகள் சட்டுனு சரியும். லோடு ஓரத்தில் யாரும் நிற்கக் கூடாது. மேலிருந்துதான் எடுக்கணும், அடியிலிருந்து உருவினா மொத்தமும் உங்க மேலதான். ஈரக் கட்டைப் போரில் அடுக்காதீங்க. உள்ளுக்குள்ளேயே சூடேறி, தானாகத் தீப்பிடிக்கவும் செய்யும்.

வழியில்: தலைக்கு மேல தாழ்வா மின்கம்பி போகுதான்னு கிளம்பும் முன்னாடியே பாருங்க. கம்பியில் லோடு உரசித் தீப்பிடிச்ச செய்தியை எத்தனை தடவை படிச்சிருப்பீங்க! லோடு உச்சியில் உட்கார்ந்து வர்றது ஜாலியா இருக்கலாம். ஆனா, கம்பி முதலில் தொடப்போறது உங்களைத்தான். வண்டி மேல கம்பி பட்டுட்டா, கீழே நிற்கிறவங்க ஓடிப்போய்த் தொடாதீங்க. மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்க.

'காலேஜ் புள்ள, பயந்து சாவுது'ன்னு யாராவது சிரிப்பாங்க. சிரிக்கட்டுமே! அரியர் விழுந்தா அடுத்த செமஸ்டரில் எழுதிக்கலாம். முதுகெலும்புக்கு சப்ளிமென்டரி எக்ஸாம் கிடையாது பாஸ்!