பிரெட் மெஷினில் சாமை

ஜவ்வாது மலையில் சாமை என்றால் சோறு, கஞ்சி, களி. அந்த வரிசையில் பிரெட் வராததற்குக் காரணம் இருக்கிறது. கோதுமை மாவில் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் குளூட்டன் என்ற புரதம் வலைபோலப் பின்னிக்கொள்ளும். ஈஸ்ட் வெளியிடும் கரியமில வாயு அந்த வலைக்குள் சிக்குவதால்தான் மாவு உப்புகிறது. சாமையில் குளூட்டனே கிடையாது. வாயு வந்த வழியே போய்விடும். ஜமுனாமரத்தூர் சந்தையில் வாங்கிய சாமையை அரைத்து, அந்த மாவை மட்டும் பிரெட் மெஷினில் கொட்டினால், மூன்றரை மணி நேரம் கழித்துக் கத்தி இறங்காத கட்டிதான் மிஞ்சும்.

மெஷினுக்குள் பெரிய மர்மம் ஏதுமில்லை. ஒரு பாத்திரம், அதன் அடியில் மோட்டாரால் சுழலும் சிறு துடுப்பு, சுற்றிலும் சூடேறும் கம்பி, வெப்பத்தை அளக்கும் உணரி, எதை எப்போது செய்வது என்று சொல்லும் ஒரு சில்லு. பிசையும், ஓய்வு கொடுக்கும், மறுபடி பிசையும், உப்ப விடும், கடைசியில் அதே பாத்திரத்திலேயே வேகவைக்கும்.

இதில் கடினமான பகுதி பிசைவதுதான். இன்று பானசோனிக் என்று நாம் அறியும் ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் 1980களில் இந்த மெஷினை உருவாக்க முயன்றபோது, மேலே கருகி உள்ளே வேகாத பிரெட்தான் வந்தது. இகுகோ தனகா என்ற மென்பொருள் வல்லுநர், ஒசாகாவின் ஒரு பெரிய ஹோட்டலில் தலைமை ரொட்டி மாஸ்டரிடம் போய்ப் பிசையக் கற்றுக்கொண்டார். மாவை வெறுமனே புரட்டாமல், இழுத்து முறுக்க வேண்டும் என்பதை அவர் கண்டுகொண்டார். நம் பரோட்டா மாஸ்டர் மாவை வீசி இழுப்பதற்கும் இதற்கும் நோக்கம் ஒன்றுதான். அந்த முறுக்கைக் கொண்டுவர, பொறியாளர்கள் பாத்திரத்தின் உட்சுவரில் மேடுகளை வைத்தார்கள். 1987இல் மெஷின் கடைக்கு வந்தது. கோடை வெப்பத்தில் மாவு முன்கூட்டியே புளித்துவிடாமல் இருக்க, ஈஸ்ட்டைத் தாமதமாகச் சேர்க்கும் பழைய முறையையும் அதில் புகுத்தினார்கள். வேலூர் வெயிலில் சமைப்பவர்களுக்கு இதன் அருமை புரியும்.

2010இல் சான்யோ நிறுவனம் 'கோபான்' என்று ஒரு மெஷினை விட்டது. அரிசியை அப்படியே போட்டால் அதுவே ஊறவைத்து, அரைத்து, பிரெட்டாக்கித் தரும். அதிலும்கூடக் கோதுமைக் குளூட்டனைத் தனியே சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். ஆகவே சாமைக்கும் கோதுமையின் துணை வேண்டும். என் கணக்கு ஐந்தில் ஒரு பங்கு: மைதா 200 கிராம், கோதுமை மாவு 120, சாமை மாவு 80. உப்பு 7 கிராம், உலர் ஈஸ்ட் 4 கிராம், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, சர்க்கரைக்குப் பதிலாக மலைத்தேன் ஒரு மேசைக்கரண்டி, தண்ணீர் சுமார் 270 மில்லி. டம்ளர் கணக்கு இங்கே உதவாது. சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள்.

மலைக்காரர்களின் களியிலிருந்தே ஒரு உபாயம் எடுக்கலாம். சாமை மாவில் 25 கிராமை, அந்தத் தண்ணீரிலேயே 120 மில்லி விட்டுக் கூழாகக் கிண்டி, நன்றாக ஆறவைத்துச் சேர்த்தால், வெந்த மாவுச்சத்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிரெட் மறுநாளும் உதிராது. சூடாகச் சேர்த்தால் ஈஸ்ட் செத்துவிடும்.

பாத்திரத்தில் முதலில் தண்ணீர், கூழ், எண்ணெய், தேன், உப்பு, மேலே மாவு, அதன் நடுவில் சிறு குழி செய்து ஈஸ்ட். இரவே போட்டு டைமர் வைப்பவர்கள் இந்த வரிசையை மீறக் கூடாது. ஈரம் பட்டால் ஈஸ்ட் அப்போதே வேலையைத் தொடங்கிவிடும்.

பிசையத் தொடங்கி பத்தாவது நிமிடம் மூடியைத் திறந்து பாருங்கள். 'திறக்கலாமா?' என்று பலர் தயங்குவார்கள், தாராளமாகத் திறக்கலாம். மாவு வழவழப்பான உருண்டையாகத் துடுப்போடு சுற்ற வேண்டும். சுவரில் அப்பிக்கொண்டிருந்தால் ஒரு கரண்டி மைதா. மோட்டார் முனகி, உருண்டை பிளந்து தெரிந்தால் ஒரு கரண்டி தண்ணீர். மெஷினுக்குக் கடிகாரம் தெரியும், மாவின் பதம் தெரியாது. அதைப் பார்த்துச் சொல்வது நம் வேலை. மற்றவற்றை அது பார்த்துக்கொள்ளும்.

மலை உயரம் பற்றிப் பயப்படத் தேவையில்லை. இதே ஜவ்வாது மலையில் 2.3 மீட்டர் தொலைநோக்கி நிற்கும் காவலூர் ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 97.5 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். காற்றழுத்தம் சற்றுக் குறைவதால் மாவு கொஞ்சம் வேகமாக உப்பும். மேல்பகுதி உப்பிப் பின் குழிந்தால் அடுத்த முறை ஈஸ்ட்டில் ஒரு சிட்டிகை குறைத்தால் போதும். இதைவிடக் குளிர்தான் முக்கியம். மார்கழியில் வெதுவெதுப்பான தண்ணீர், சித்திரையில் பானைத் தண்ணீர்.

மின்வெட்டு வேறு கதை. பல மெஷின்கள் சுமார் பத்து நிமிடம்வரை விட்ட இடத்தை நினைவில் வைத்திருக்கும். அதற்கு மேல் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்கும். வேகவைக்கும் கட்டத்தில் ஐந்நூறு, அறுநூறு வாட்வரை இழுக்கும் என்பதால் சின்ன இன்வெர்ட்டரை நம்பாதீர்கள். உப்பும் கட்டத்தில் மின்சாரம் போய்த் திரும்பாவிட்டால், மாவை எடுத்துத் தட்டித் தோசைக்கல்லில் சுட்டுவிடுங்கள். அதுவும் நன்றாகவே இருக்கும்.

வெந்ததும் உடனே வெளியே எடுத்துக் கம்பித்தட்டில் ஒரு மணி நேரம் ஆறவிட்டு அறுக்க வேண்டும். பாத்திரத்திலேயே விட்டால் அடிப்பாகம் வியர்த்து நசநசத்துவிடும். துடுப்பு பிரெட்டுக்குள் மாட்டிக்கொண்டு வரும். அறுக்கும் முன் அதை உருவிவிடுங்கள்.

கடைசியாக, சாமை மாவை மொத்தமாக வாங்கி வைக்காதீர்கள். தவிடு நீக்காத சாமையில் கொழுப்பு அதிகம். அரைத்த மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும். சாமை அரிசியாக வாங்கி, தேவைக்கு மட்டும் மில்லில் கொடுத்து அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள்.