இரண்டு வீட்டுக்கு ஒரே கிணறு!
(இரண்டாம் ஆண்டு, கணினிப் பொறியியல்)



நம்மில் பலருடைய கணினியில் விண்டோஸும் இருக்கிறது, லினக்ஸும் இருக்கிறது. சுவிட்சைப் போட்டதும் "எது வேண்டும்?" என்று திரை கேட்கும், ஒன்றைத் தேர்ந்தெடுப்போம். இதுதான் 'டூயல் பூட்'. ஆனால் லேப் பயிற்சிக்கு விர்ச்சுவல் மெஷின் வேண்டும் என்னும்போது ஒரு சந்தேகம் வருகிறது. விண்டோஸில் ஒன்று, லினக்ஸில் ஒன்று என இரண்டு போடணுமா? வேண்டவே வேண்டாம். ஒன்றே போதும்!

விர்ச்சுவல் மெஷின் என்றால் என்ன?

கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கும் இன்னொரு கணினி. 2007-ல் வெளிவந்த விர்ச்சுவல் பாக்ஸ் இதற்கு இலவசமாகக் கிடைக்கிறது. அந்த உள் கணினியின் ஹார்டு டிஸ்க், உண்மையில் 'வி.டி.ஐ.' என்று முடியும் ஒரு பெரிய கோப்பு. ராம் எவ்வளவு, பிராசசர் எத்தனை என்ற விவரமெல்லாம் 'வி.பாக்ஸ்' என்று முடியும் சின்னக் கோப்பில் இருக்கும். ஆக, மெஷின் என்பது கோப்புகள்தான். கோப்புக்கு விண்டோஸ், லினக்ஸ் என்ற ஜாதி கிடையாது!

ஒன்றாக வைப்பதால் என்ன லாபம்?

ஒரு மெஷின் 30 ஜி.பி. பிடித்தால் இரண்டுக்கு 60 ஜி.பி. நம் டிஸ்கோ 256 ஜி.பி. என்னைப் போல வீட்டிலேயே முதன்முதலாகப் படிக்க வந்தவர்களுக்கு, "இன்னொரு டிஸ்க் வாங்கித் தாங்கப்பா" என்று கேட்க வாய் வராது. அதைவிடப் பெரிய நஷ்டம், பயிற்சி பாதி அங்கே, பாதி இங்கே என்று சிதறிப் போவது. பிராக்டிகலுக்கு முதல் நாள் ராத்திரி "அந்த புரோகிராம் எதிலே இருக்கு?" என்று தேடினால் என்ன கதி?

எப்படிச் செய்வது?

1. இரண்டு வீட்டுக்கும் பொதுவான இடத்தில் கிணறு இருக்க வேண்டும். எனவே தனியாக ஒரு பார்ட்டிஷன் பிரியுங்கள். பிரிக்கும் முன் முக்கியமானவற்றை வேறிடத்தில் நகல் எடுத்துவிடுங்கள்.

2. அதை என்.டி.எஃப்.எஸ். முறையில் ஃபார்மட் செய்யுங்கள். ஃபேட் 32-ல் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே கோப்பை வைக்க முடியாது. எக்ஸ்ஃபேட்டில் வைக்கலாம், ஆனால் அதில் ஜர்னல் வசதி இல்லை, திடீரென்று கரண்ட் போனால் ஆபத்து அதிகம்.

3. லினக்ஸில் அந்தப் பார்ட்டிஷன் தானாக, எப்போதும் ஒரே இடத்தில், எழுதும் அனுமதியோடு மவுன்ட் ஆகும்படி 'எஃப்.எஸ்.டேப்' கோப்பில் எழுதிவிடுங்கள்.

4. இரண்டிலும் விர்ச்சுவல் பாக்ஸின் ஒரே பதிப்பைப் போடுங்கள். ஒன்றில் மெஷினை உருவாக்கி, மற்றதில் 'மெஷின்' மெனுவில் 'ஆட்' கொடுத்து அந்த வி.பாக்ஸ் கோப்பைக் காட்டினால் முடிந்தது.

கவனம் தேவை!

முதலாவது, மெஷினை 'சேவ் ஸ்டேட்' செய்து பாதியில் நிறுத்திவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகாதீர்கள். அந்த நிலை அங்கே அப்படியே திறக்கும் என்று நம்ப முடியாது. வாளியைப் பாதிக் கிணற்றில் தொங்கவிட்டுப் போகலாமா? முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள்.

இரண்டாவது, 2012-ல் விண்டோஸ் 8-உடன் வந்த 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'. இது இருந்தால், ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாது. அரைத் தூக்கத்தில் இருக்கும். அப்போது பொதுப் பார்ட்டிஷனை லினக்ஸ் படிக்க மட்டும் விடலாம், அல்லது திறக்கவே மறுக்கலாம். கட்டாயப்படுத்தி எழுதினால் கோப்பே கெட்டுப்போகும். பவர் ஆப்ஷன்ஸில் அதை நிறுத்திவிடுங்கள்.

மூன்றாவது, ஷேர்டு ஃபோல்டர், சி.டி. டிரைவில் மாட்டிய ஐ.எஸ்.ஓ. இவற்றின் முகவரி இரண்டு வீட்டிலும் வேறு வேறு. வேலை முடிந்ததும் ஐ.எஸ்.ஓ.வைக் கழற்றிவிடுங்கள். நெட்வொர்க்கை 'நாட்' முறையிலேயே வையுங்கள். 'பிரிட்ஜ்டு' என்றால் இரண்டிலும் கார்டின் பெயர் மாறி இடிக்கும்.

கடைசியாக ஒன்று. ஒரே கிணறு என்றால், அது தூர்ந்தால் இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் இல்லை! வாரம் ஒருமுறை, மெஷினை அணைத்துவிட்டு அந்த ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் நகல் எடுங்கள். பென்டிரைவ் ஃபேட் 32-ல் இருந்தால் பெரிய கோப்பு ஏறாது, எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

காசு போட்டு வாங்க முடியாததைக்கூட, விஷயம் தெரிந்தால் இருப்பதை வைத்தே சாதிக்கலாம். செய்து பாருங்கள் நண்பர்களே!