அலுப்பு இருந்தும் தூக்கம் வராதது ஏன்?

பிள்ளைச்சாவடி போன்ற கடலோர ஊர்களில் இரவெல்லாம் கடலில் கிடந்தவர் முற்பகலில் பாயை விரிப்பார். உடம்பெல்லாம் அலுப்பு; தூக்கம் மட்டும் பிடிக்காது. ஏன்?

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் சேர்ந்து தூக்கத்தைக் கூட்டுகிறது. ஆனால் உடலுக்குள் ஒரு கடிகாரமும் ஓடுகிறது. கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்து அது நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். இருட்டினால்தான் தூக்கத்துக்கு உதவும் மெலட்டோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கவிடும். இந்தக் கடிகாரத்தின் மரபணு இயக்கத்தைக் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவரும் 2017இல் நோபல் பரிசு பெற்றார்கள். வெயிலில் கரையேறியவரை அலுப்பு படுக்கச் சொல்கிறது, கடிகாரம் விடுவதில்லை.

இரவில் படுப்பவர்களுக்கு? மாலை டீயைச் சந்தேகிக்கலாம். காஃபின் அடினோசின் அமரவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரமாகும். சாராயம் சீக்கிரம் தூங்கவைத்து நடுராத்திரியில் எழுப்பிவிடும். வலி, மூச்சடைப்பு, சில மருந்துகளும் காரணமாகலாம். கவலையைச் சொல்லவே வேண்டாம். கடல் அரிப்பு வீட்டை நெருங்கும் ஊரில் அதற்கா பஞ்சம்?

தூக்கம் வராத நிலை வாரத்தில் 3 இரவாவது, 3 மாதம் நீடித்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை. அதற்கு முதல் சிகிச்சை மாத்திரையல்ல, பழக்கத்தையும் எண்ணத்தையும் மாற்றும் பயிற்சி. அதில் ஒன்று விசித்திரமாகத் தோன்றும்: தூக்கம் வராமல் புரண்டால் எழுந்து போய்விட வேண்டும். இல்லையேல் படுக்கை என்றாலே விழித்திருக்கும் இடம் என்று மூளை பழகிவிடும்.