உட்கார ஓர் ஆசனம்

தீபாவளிக்குப் புடவை எடுக்கச் செல்லும் நம் வீட்டுப் பெண்மணிகள், ஜவுளிக் கடையில் சௌகரியமாக அமர்ந்துகொண்டு, அடுக்கிலுள்ளவற்றையெல்லாம் பிரித்துக் காட்டச் சொல்வது வழக்கம். காட்டுகிற பெண்ணோ நாள் முழுதும் நின்றபடியே இருக்கிறாள். அவளுடைய கால்களைப் பற்றி நினைப்பவர் யார்?

நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி, இரத்தத்தை இருதயத்தை நோக்கித் தள்ளுகின்றன. ஒரே இடத்தில் நிற்கையில் அந்த உதவி குன்றிவிடுகிறது. பாதம் வீங்குகிறது, இடுப்பு வலிக்கிறது, நாளடைவில் காலில் நரம்பு சுருட்டிக்கொள்வதும் உண்டு. இத்தாலிய வைத்தியர் ரமஸீனி, தொழிலாளரின் வியாதிகளைப் பற்றி 1700-இல் வெளியிட்ட நூலிலேயே இதைக் குறிப்பிட்டிருக்கிறார்.

சட்டம் மெதுவாகவே வந்தது. இங்கிலாந்தில் கடைப் பெண்கள் மூவருக்கு ஓர் ஆசனமாவது வேண்டுமென்று 1899-இல் விதித்தார்கள். நம் நாட்டில் 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், நின்று வேலை செய்வோருக்கு உட்கார வசதி செய்யச் சொல்லிற்று. கடைச் சிப்பந்திகளுக்கோ, கோழிக்கோட்டுப் பெண்கள் போராடியதன் பலனாகக் கேரளத்தில் 2018-இலும், பிறகு தமிழ்நாட்டில் 2021-இலும்தான் அவ்வுரிமை கிட்டியது.

ஆயினும், முக்காலி போட்டுவிட்டால் போதுமா? நாம் கடைக்குள் நுழையும்போது சிப்பந்தி உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவு என்று எண்ணுகிறோம். நம் முகச்சுளிப்புக்கு அஞ்சும் முதலாளி, சட்டத்துக்கு அஞ்சுவாரா? ஆகையால் சகோதரிகளே, அடுத்த முறை புடவை பார்க்கும்போது, "நீயும் சற்று உட்காரம்மா" என்று முதலாளியின் காதில் விழும்படி சொல்லுங்கள்.